கேள்வி பதில்: காட்டு மண்ணும் மூச்சு விடுதாமே?

கேள்வி: மரம் கார்பன் டை ஆக்ஸைடை உறிஞ்சும்னுதான் ஸ்கூல்ல படிச்சோம். இப்ப ஒரு வீடியோல காட்டு மண்ணே அதை வெளிய விடுது, மண்ணு விடுறது நம்ம வண்டி, ஃபேக்டரி விடுறதை விட பல மடங்குன்னு சொல்றாங்க. நெசமா, இல்ல வாட்ஸ்அப் கதையா?
– கூடலூர் வாசகர்

பதில்: நெசம்தாங்க. காடு, வயல், புல்வெளின்னு உலகத்து மண்ணு மொத்தமும் சேந்து வருஷத்துக்கு விடுற கார்பன், நாம பெட்ரோல், நிலக்கரி எரிச்சு விடுறதுல சுமார் 10 மடங்கு வரும். ஆனா வீடியோக்காரர் பாதிக் கதையை முழுங்கிட்டார். செடி கொடி காத்துல இருந்து இழுத்ததுதான் சருகா, வேரா மண்ணுக்குப் போய் அங்கேருந்து திரும்பி வருது, வரவும் செலவும் கிட்டத்தட்ட சரியாயிடும். நாம எரிக்கிறது அந்தக் கணக்குலயே இல்லாத, கோடிக்கணக்கான வருஷமா பூமிக்குள்ள கெடந்த சரக்கு.

இன்னொன்னு, மண்ணு விடுதுன்னு சொல்றோமே, விடுறது சருகைத் தின்னுற நுண்ணுயிர் மட்டும் இல்ல, வேரும்தான். வடக்கு ஸ்வீடன்ல ஒரு பைன் காட்டுல மரத்தைச் சுத்திப் பட்டையை உரிச்சுட்டாங்க, இலையில செய்ற சர்க்கரை வேருக்கு எறங்கலை, ஒண்ணு ரெண்டு மாசத்துல மண்ணு விடுற மூச்சு பாதியாக் கொறஞ்சுபோச்சு. 2001ல வந்த ஆராய்ச்சி. பாவம் அந்த மரங்க.

கேள்வி: வெயில் ஏற ஏற மண்ணு இன்னும் அதிகமா விடுமா? மழைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?
– தேனி வாசகி

பதில்: நீங்க தோசைக்கு மாவு அரைப்பீங்கன்னா பாதி பதில் உங்களுக்கே தெரியும். சித்திரையில சாயங்காலம் கரைச்சு வெச்சா விடியறதுக்குள்ள பாத்திரத்தைத் தாண்டி வழியும், மார்கழியில மறுநாள் மத்தியானம் வரைக்கும் அசையாது. மாவைப் பொங்க வெக்கிறது நுண்ணுயிர், மண்ணுக்குள்ள இருக்கிறதும் அதே மாதிரி கூட்டம்தான், 10 டிகிரி ஏறினா மூச்சு ஏறக்குறைய ரெண்டு மடங்குன்னு ஒரு பொதுக்கணக்கு.

ஆனா மாவுல எப்பவும் தண்ணி இருக்கு, மண்ணுல இருக்காதே! காஞ்ச மண்ணுல நுண்ணுயிருக்கு சாப்பாடு பக்கத்துலயே இருந்தாலும் கரைஞ்சு வந்து சேர ஈரம் இல்ல, அதனால வெயில் எவ்ளோ அடிச்சாலும் சும்மாதான் கெடக்கும். கலிபோர்னியால கோடையில மழையே கெடையாது, அங்க நல்ல வெயில் காலத்துலதான் மண்ணோட மூச்சு எறங்கும். அதுக்காகத் தண்ணி தேங்கி நின்னாலும் ஆகாது, ஆக்ஸிஜன் காத்துல பரவுறதை விட தண்ணிக்குள்ள சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாத்தான் பரவும், மூச்சு முட்டிப்போகும். நடுவாந்தரமான ஈரம்தான் அதுங்களுக்குக் கொண்டாட்டம்.

ரொம்ப நாள் காஞ்சு கெடந்து மொத மழை விழுதே, அதுதான் எனக்குப் பிடிச்ச இடம். செத்த நுண்ணுயிர், காஞ்சு உடைஞ்ச மண்கட்டிக்குள்ள ஒளிஞ்சிருந்த மக்கின குப்பை எல்லாம் ஒரே நேரத்துல விருந்தாகி, சில மணி நேரத்துல கார்பன் டை ஆக்ஸைடு குபீர்னு கிளம்பும், அப்புறம் சில நாள்ல அடங்கிடும். கென்யாவுல வேலை பாத்த பர்ச்ங்கறவர் 1958ல இதை விவரமா எழுதினதால பர்ச் விளைவுன்னே பேரு. (அந்த நேரத்து மண்வாசனை கார்பன் டை ஆக்ஸைடு இல்லைங்க, அதுக்கு வாசனையே கெடையாது, அது ஜியோஸ்மின்னு வேற ஒண்ணு.)

அப்ப பூமி சூடானா? அமெரிக்காவுல மாசசூசெட்ஸ்ல ஹார்வர்டு ஃபாரஸ்ட்ங்கற ஆராய்ச்சிக் காட்டுல 1991ல இருந்து மண்ணுக்குள்ள ஹீட்டர் கேபிள் பொதைச்சு பக்கத்து மண்ணை விட 5 டிகிரி கூடுதலா வெச்சிருக்காங்க. மொத 10 வருஷம் மூச்சு எக்கச்சக்கமா ஏறுச்சு, அப்புறம் ஏழு வருஷம் வித்தியாசமே இல்ல, சரி தின்னுறதுக்கு ஏத்தது தீந்துபோச்சுன்னு நெனைக்கறப்ப திரும்பவும் ஏறுச்சு, பெறகு மறுபடி எறங்குச்சு. 26 வருஷத்துல மேல் 60 செ.மீ மண்ணுல இருந்த கார்பன்ல 17 சதவீதம் போயிடுச்சு. பனாமா மழைக்காட்டுல 4 டிகிரி ஏத்தினதுக்கே ரெண்டு வருஷத்துல மூச்சு 55 சதவீதம் கூடிடுச்சு, அங்க ஈரத்துக்குப் பஞ்சமில்ல பாருங்க. வரவு செலவு சரியாயிடும்னு மேல சொன்னேனே, அது ஆட்டம் காண்றது இங்கதான், செலவு ஏறுற வேகத்துக்கு வரவும் ஏறணும்ல.

கேள்வி: இதை வீட்டுல செஞ்சு பாக்க முடியுமா?
– எட்டாம் வகுப்பு மாணவி

பதில்: முடியும்மா. வெத்தலைச் சுண்ணாம்பைத் தண்ணியில கரைச்சு ராத்திரி முழுக்க மூடி வெச்சுட்டு, மேல நிக்கிற தெளிவை மட்டும் ரெண்டு டம்ளர்ல ஊத்திக்கோ, கண்ணுல பட்டுடாம பாத்துக்கோ. ஒண்ணை மரத்தடியில சருகு மக்கின மண்ணு மேலயும் இன்னொண்ணை சிமெண்ட் தரையிலயும் வெச்சு ரெண்டையும் பக்கெட்டால கவுத்து மூடு, ஓரத்துல காத்து போகாம ஈரத்துணி சுத்திடு. கார்பன் டை ஆக்ஸைடு பட்டா சுண்ணாம்புத் தண்ணி வெள்ளையாப் படியும், அதனால சில மணி நேரம் கழிச்சு மரத்தடி டம்ளர்ல வெள்ளை ஆடை தடிமனா படிஞ்சிருக்கும். மறுநாள் காஞ்ச மண்ணுல ஒரு தடவை, தண்ணி தெளிச்ச மண்ணுல ஒரு தடவைன்னு செஞ்சு பாத்துட்டு என்ன ஆச்சுன்னு எழுதிப் போடு.