அழகர் ஆற்றில் இறங்கியபோது தேனூருக்கு என்ன ஆனது?

(காமிக்ஸ் பக்கம்: வாசகர் கேள்விகள். பதில் சொல்பவர் மதுரை செல்லூரில் 22 ஆண்டுகள் வாடகை நூல் நிலையம் நடத்தியவர்.)

கேள்வி: மார்வெல் காமிக்ஸின் எக்ஸ்-மென் குழுக் கதைத் தொகுப்பு ஒன்று படித்துக்கொண்டிருந்தேன். அந்தக் குழுவில் இருக்கும் கொலோசஸும் கிட்டி ப்ரைடும் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். திடீரென்று கொலோசஸ் எங்கேயோ போய்விட்டு வந்து, தான் வேறொருத்தியை நேசித்ததாகவும் அவள் இறந்துவிட்டதாகவும் சொல்கிறான். அந்தக் கதை என் தொகுப்பில் இல்லவே இல்லை. ஒரு குழுவின் கதைக்குள் வெளியாள் இப்படிக் கை வைக்கலாமா?
— கல்லூரி மாணவர், திருமங்கலம்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தைப் படித்ததும் பரண்மேல் ஏறி ஒரு புத்தகத்தைத் தேடி எடுத்தேன். புது மண்டபத்தில் தையல் மெஷின் சத்தத்துக்கு நடுவே புத்தகக் கடைகள் இருந்த காலத்தில், ஒரு பழைய கட்டுக்குள் எனக்குக் கிடைத்த 'அன்கேனி எக்ஸ்-மென்' 183-ஆம் இதழ். அட்டை இல்லை. குத்தியிருந்த பின் துருப்பிடித்து நடுப்பக்கத்தில் கறை இறங்கியிருக்கும். நீங்கள் சொல்வது இந்த இதழைத்தான். நானும் காரணம் தெரியாமல்தான் இதைப் படித்தேன். காரணம் இருக்கிற புத்தகம் என் கைக்கு வர ரொம்ப வருஷம் ஆயிற்று.

நடந்தது இதுதான். 1984-இல் மார்வெல் 'சீக்ரெட் வார்ஸ்' என்று 12 இதழ்களில் ஒரு பெருங்கதையைத் தொடங்கியது. மேட்டல் நிறுவனத்தின் பொம்மை விற்பனையோடு இணைந்து வந்த கதை அது. ஹீரோக்களையும் வில்லன்களையும் அள்ளிக்கொண்டுபோய் ஒரு வேற்றுக் கிரகத்தில் மோதவிடுவார்கள். அங்கே காயம்பட்ட கொலோசஸுக்கு ஸாஜி என்ற பெண் வைத்தியம் பார்க்கிறாள். அவன் மனசு அவளிடம் போய்விடுகிறது. கடைசியில் அவனைப் பிழைக்க வைத்துவிட்டு அவள் இறந்துபோகிறாள். ஆனால் அந்தப் பெருங்கதை மாதம் ஒன்றாக 1985 வரை வந்துகொண்டிருந்தது. எக்ஸ்-மென் வீடு திரும்பியதோ 1984-லேயே அவர்கள் சொந்த இதழில் வந்துவிட்டது. அதனால் அமெரிக்காவில் மாதாமாதம் காசு கொடுத்து வாங்கிய பையனுக்கும் முதலில் கிட்டியின் அழுகைதான் கிடைத்தது; ஸாஜியின் சாவு பல மாதம் கழித்துத்தான் வந்தது.

வெளியாள் கை வைத்தது தப்புதான், நான் மறுக்கவில்லை. ஆனால் எக்ஸ்-மென் இதழை எழுதிவந்த வீட்டுக்காரர் கிறிஸ் கிளேர்மான்ட் அப்புறம் என்ன செய்தார் என்று பாருங்கள். அந்த முறிவை ஒரு பக்கத்தில் சொல்லி முடிக்கவில்லை, இதழ் முழுக்க அதற்கே கொடுத்தார். கிட்டி அழுகிறாள். குழுத் தோழர்கள் வுல்வரினும் நைட்க்ராலரும் கொலோசஸை ஒரு மதுக்கடைக்கு அழைத்துக்கொண்டு போகிறார்கள். அங்கே எக்ஸ்-மெனின் பழைய எதிரி ஜக்கர்நாட் உட்கார்ந்திருக்கிறான். வாய்ச்சண்டை கைகலப்பாகிறது. கொலோசஸ் அடி வாங்க வாங்க, வுல்வரின் தலையிடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறான். வாங்கட்டும் என்று விட்டுவிடுகிறான்! தங்கச்சியை அழவைத்தவன் ஊருக்குள் வந்தால் அண்ணன்மார் என்ன செய்வார்களோ, அதுதான் அந்தப் பக்கங்களில் நடக்கிறது. காரணம் வேற்றுக் கிரகத்திலிருந்து வந்தது. கோபம் மட்டும் அந்த வீட்டுக் கோபம். அதனால்தான் காரணம் தெரியாமலே அது என்னைப் பிடித்துக்கொண்டது. உங்களையும் பிடித்துக்கொண்டதால்தானே கடிதம் எழுதியிருக்கிறீர்கள்?

இப்படித் தனித்தனிக் கதைகள் ஒன்றில் வந்து கலப்பதைக் கிராஸ்ஓவர் என்பார்கள். நாமும் வருஷாவருஷம் ஒன்று பார்க்கிறோம், தம்பி. அழகர் முன்பெல்லாம் மண்டூக முனிவருக்குச் சாபவிமோசனம் கொடுக்கத் தேனூர்ப் பக்கம் வைகைக்குப் போவார், மீனாட்சி கல்யாணம் தனியாக நடந்தது, திருமலை நாயக்கர் காலத்தில்தான் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தன என்று பெரியவர்கள் சொல்வார்கள். சேர்ந்த பிறகு அழகரின் குணமே மாறிப்போனது. இப்போது அவர் தங்கை கல்யாணத்துக்குச் சீரோடு வந்து, முகூர்த்தம் முடிந்துவிட்டது என்று ஆற்றிலேயே கேள்விப்பட்டு, கோபித்துக்கொண்டு வண்டியூர் திரும்பிவிடும் அண்ணன். எதிர்சேவையில் நிற்கும் யாரைக் கேட்டாலும் அந்தக் கதையைத்தான் சொல்வார்கள். என் அம்மா பிறந்தது தேனூர்ப் பக்கம். "எங்க ஊருக்கு வந்துக்கிட்டிருந்த சாமி" என்று அவர் சொல்லும்போது குரலில் ஒரு தாங்கல் இருக்கும். ஆனாலும் மண்டூகர் கதையைக் கைவிட்டுவிடவில்லை. அழகர் வண்டியூர்ப் பக்கம் போய், ஆற்றுக்குள் இருக்கும் மண்டபத்தில் முனிவருக்கு இன்றும் விமோசனம் கொடுக்கிறார். அந்த மண்டபத்துக்குப் பேர் தேனூர் மண்டபம். பெருங்கதை முடிந்ததும் சொந்த இதழை எடுத்து நான் இதைத்தான் தேடுவேன்: அந்தக் குழுவுக்கென்று இருந்த கதைக்கு ஒரு தேனூர் மண்டபமாவது விட்டுவைத்திருக்கிறார்களா?

கேள்வி: பெரிய சண்டை வந்தால் சாவதும் முடமாவதும் ஏன் எப்போதும் இரண்டாம் வரிசை ஹீரோக்களாகவே இருக்கிறார்கள் என்று என் மகன் கேட்கிறான். பதில் சொல்லத் தெரியவில்லை.
— பள்ளி ஆசிரியை, மேலூர்

பதில்: உங்கள் பையன் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறான், டீச்சர். தனி இதழ் உள்ளவன் அடுத்த மாதம் அங்கே முழுசாக வந்து நிற்க வேண்டும். குழுவில் மட்டும் இருப்பவனுக்கு அந்தக் காப்பு இல்லை. மார்வெலின் போட்டி நிறுவனமான டிசியின் 'க்ரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்' என்ற பெருங்கதை 1985-இல் வந்தது. அதில் சூப்பர்கேர்ளும் ஃப்ளாஷாக இருந்த பேரி ஆலனும் இறந்தார்கள், பெரிய பேர்கள்தான். ஆனால் சூப்பர்கேர்ளின் தனி இதழ் அதற்கு முந்திய வருஷமே நின்றுவிட்டது. ஃப்ளாஷின் இதழும் 350-ஆம் எண்ணோடு முடிந்த பிறகுதான் அவர் சாவு அச்சில் வந்தது.

என்னை இன்னும் உறுத்துவது ஸ்பீட்பால்தான். நியூ வாரியர்ஸ் குழுவில் பந்து மாதிரி துள்ளித் திரிந்த சிரிப்புக்காரப் பையன். 2006-இல் வந்த 'சிவில் வார்' முதல் இதழில் ஸ்டாம்ஃபோர்ட் ஊரில் ஒரு வெடிப்பு. குழந்தைகள் உட்பட நூற்றுக்கணக்கானவர்கள் சாகிறார்கள், அவன் தோழர்களும் சாகிறார்கள், இவன் பிழைக்கிறான். குற்ற உணர்வில் உட்பக்கம் 612 முட்கள் பதித்த கவசம் ஒன்றை மாட்டிக்கொண்டு பெனன்ஸ் என்று பேர் மாற்றிக்கொள்கிறான். முள் ஒவ்வொன்றும் செத்துப்போன ஓர் உயிருக்கு. சோகம் பெரியது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவன் துக்கப்பட வீடு எங்கே? குழுவே இல்லை. அவனை முன்னிருந்தே அறிந்தவர்கள் பக்கத்தில் இருந்து, "நீ இப்படி இல்லையேடா" என்று கேட்டிருந்தால் அந்த முள் எனக்கும் குத்தியிருக்கும். சில வருஷங்களில் அவன் பழைய ஸ்பீட்பாலாகவே திரும்பி வந்தான். அப்போது எனக்கு நிம்மதியும் வரவில்லை, ஏமாற்றமும் வரவில்லை.

இதற்கு நேர்மாறு மார்வெலின் எக்ஸ்-ஃபேக்டர் குழுவில் இருந்த சிறகுக்காரன் ஏஞ்சல். 1986-இல் 'ம்யூட்டன்ட் மேஸகர்' நடக்கிறது. நியூயார்க்கின் அடியில் சுரங்கங்களில் வாழும் மார்லாக்குகளைக் கொன்று குவிக்கிறார்கள். காப்பாற்றப் போன ஏஞ்சலை சிறகுகளில் ஈட்டி அடித்துச் சுவரோடு அறைகிறார்கள். வந்து மீட்பது தோர், வேறு இதழின் ஹீரோ. தோர் தன் வேலை முடிந்ததும் போய்விடுகிறார். ஏஞ்சலின் சிறகுகளை வெட்டி எடுக்க வேண்டியதாகிறது. பறப்பதையே தன் அழகாக நினைத்திருந்த பணக்காரப் பையன் அவன். 1988-இல் உலோகச் சிறகோடு, வில்லன் அபோகலிப்ஸின் ஆளாக, தன் நண்பர்களுக்கே எதிரியாக வந்து நிற்கிறான். அந்தச் சிறகு வருவதற்கு முன்னும் பின்னும் அந்த இதழை எழுதியவர் லூயிஸ் சைமன்சன்தான். புண்ணை உண்டாக்கிய இடத்திலேயே அதற்குக் கட்டும் போட்டார்கள். மகனிடம் இந்த இரண்டு பேரையும் சொல்லுங்கள், டீச்சர். மற்றதை அவனே கண்டுபிடித்துவிடுவான்.

கேள்வி: கிராஸ்ஓவரால் ஒரு குழுவுக்கு நல்லது நடந்ததே இல்லையா?
— வாசகர், உசிலம்பட்டி

பதில்: நடந்திருக்கிறது. அதே 'சீக்ரெட் வார்ஸ்' முடிந்ததும் ஃபென்டாஸ்டிக் ஃபோர் குழுவின் திங் அந்தக் கிரகத்திலேயே தங்கிவிட, அவர் இடத்துக்கு ஷீ-ஹல்க் வந்தாள். அந்த இதழை எழுதி வரைந்த ஜான் பிர்ன் அவளை அந்த வீட்டில் ஒருத்தியாகவே பழகவிட்டார். 1989-இல் அவளுக்குத் தனி இதழ் தொடங்கியவரும் அவரே. அப்புறம் டிசியின் டீன் டைட்டன்ஸ் குழுவில் இருந்த வாலி வெஸ்ட். பேரி ஆலன் இறந்ததும் அந்த உடையை எடுத்துப் போட்டுக்கொண்டு ஃப்ளாஷ் ஆனவன். சின்னப் பையனாகக் குழுவில் இருந்தவன் வளர்ந்ததை நாம் கண்ணால் பார்த்தோம்.

கேள்வி: நம் முத்து காமிக்ஸ் ஹீரோக்கள் ஒன்றாகச் சேர்ந்திருந்தால்?
— வாசகர், விருதுநகர்

பதில்: பக்கத்து ஊர் சிவகாசியிலிருந்து 1972-இல் இரும்புக்கை மாயாவி வந்த நாளிலிருந்து நான் இதை நினைத்துக்கொண்டிருக்கிறேன்! மாயாவி, லாரன்ஸ்–டேவிட், ஜானி நீரோ எல்லாரும் என் நூல் நிலையத்தில் ஒரே அலமாரியில், தோளோடு தோளாக நின்றார்கள். கதைக்குள் அவரவர் தனித்தனிதான். மாயாவிக்கு மின்சாரம் பாய்ந்தால் கை மட்டும் தெரியும், உடம்பு மறையும். அந்த ரகசியம் அவர் ஒருவருடையதாகவே இருக்கட்டும் என்பது என் ஆசை.

கேள்வி: கிராஸ்ஓவர் கதை ஒன்றே ஒன்று வாங்கலாம் என்று காசு சேர்த்திருக்கிறேன். எதை வாங்க?
— வாசகி, சோழவந்தான்

பதில்: 'ம்யூட்டன்ட் மேஸகர்' தொகுப்பு. எக்ஸ்-மென் 210-இலிருந்து 213 வரை, எக்ஸ்-ஃபேக்டர் 9, 10, 11, தோர் 373, 374 எல்லாம் உள்ளே இருக்கிறதா என்று வாங்கும்முன் பின்னட்டையில் பாருங்கள். தோர் பகுதி இல்லாத புத்தகம் என்றால் வேண்டாம், ஏஞ்சலைச் சுவரிலிருந்து இறக்கும் இடம் விட்டுப்போகும். முழுசாகக் கிடைத்தால், படித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். கிட்டி ப்ரைடுக்கு அந்தச் சுரங்கத்தில் ஆனதைப் பற்றி உங்களோடு பேச வேண்டியிருக்கிறது.