கிளெரிக்கா, பாலடினா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

பகடை உருட்டிக் கதையாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் தெய்வ அருளோடு இறங்கும் கிளாஸ்களை (ஆட்டக்காரர் ஏற்கும் வேட வகைகள்), அதாவது தெய்வத்தின் பூசாரியான கிளெரிக்கையும் சபதம் ஏற்ற வீரரான பாலடினையும், பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். வேறு எதுவும் குறிப்பிடாத இடங்களில் 2014 பதிப்பின் விதிகளை வைத்தே பேசுகிறேன். சென்னையில் நான் ஆட்டம் நடத்தும் டேபிளில் இன்னும் அதுதான்.

பெரம்பூரிலிருந்து: அக்கா, ரெண்டு பேருமே கவசம் போடுறாங்க, ரெண்டு பேருமே காயம் ஆத்துறாங்க. அப்புறம் என்ன வித்தியாசம்?

தூரம்தான் தம்பி. பாலடினின் அருள் அவர் நிற்கும் இடத்தைச் சுற்றியே இருக்கும். கிளெரிக்கின் அருள் எட்ட இருப்பவருக்கும் போய்ச் சேரும்.

ஒரு காட்சியைப் பாருங்கள். கல்லறைச் சுரங்கம், ஐந்தாம் லெவல் குழு. ரோக் (பதுங்கிப் போய்ப் பூட்டுத் திறக்கும் ஆள்) அவசரப்பட்டு முன்னால் ஓடி, 40 அடி தள்ளி பூஜ்யம் ஹிட் பாயின்ட்டில் (உயிர்ப்பலம் தீர்ந்து) விழுந்து கிடக்கிறாள். பாலடின் ஒரு டர்னில் (தன் முறையில்) 30 அடிதான் நடக்க முடியும். காயம் ஆற்றும் 'லே ஆன் ஹேண்ட்ஸ்' செய்யத் தொட வேண்டும், அதற்கு டர்னுக்கு ஒன்றே உள்ள ஆக்‌ஷனும் வேண்டும். 'டேஷ்' போட்டு ஓடினால் அந்த ஆக்‌ஷன் போய்விடும். கிளெரிக்கோ நின்ற இடத்திலிருந்தே, அதற்கு மேல் கூடுதலாகக் கிடைக்கும் போனஸ் ஆக்‌ஷனில் 'ஹீலிங் வேர்ட்' மந்திரம் சொல்வார். அது 60 அடி எட்டும். ரோக் எழுந்துவிடுவாள். கையில் மிச்சமிருக்கும் ஆக்‌ஷனில் 'சேக்ரட் ஃப்ளேம்' மாதிரி ஒரு கேன்ட்ரிப்பும் (ஸ்லாட் செலவில்லாத சிறு மந்திரம்) போடலாம்.

அதே சுரங்கத்தில் எலும்புக்கூடு ஒன்று பாலடினின் பக்கத்திலேயே வந்து நின்றால் கதை மாறிவிடும். வாள் பட்டதும் முதல் லெவல் ஸ்லாட் (மந்திர இருப்பில் ஒரு பங்கு) ஒன்றைச் செலவழித்து 'டிவைன் ஸ்மைட்': வாளுக்கு 1டி8 (எட்டு முகப் பகடை ஒன்று), ஸ்மைட்டுக்கு 2டி8, எதிரி செத்தும் உலவுவதால் இன்னொரு டி8. கிரிட்டிகல் (தாக்கும் பகடையில் உச்ச எண்) விழுந்தால் பகடைகள் இரட்டிப்பாகி மொத்தம் எட்டு டி8. பட்டதா என்று பார்த்த பிறகு ஸ்லாட்டைச் செலவழித்தால் போதும், வீணாகாது. டேபிளே எழுந்து நின்று பார்க்கும் உருட்டல் அது.

தாம்பரத்திலிருந்து: எங்க குழுவுல கிளெரிக்னாலே மருந்து போடுற ஆள்னு நினைக்கிறாங்க. யாருமே எடுக்க மாட்டேங்கறாங்க.

இதைக் கேட்டாலே எனக்கு வருத்தமாக இருக்கிறது. இந்தப் பதிப்பில் அடிபட்டவருக்கெல்லாம் உடனுக்குடன் காயம் ஆற்றிக்கொண்டிருப்பது நஷ்டம். 'க்யூர் வூண்ட்ஸ்' தருவது 1டி8-உம் விஸ்டம் மாடிஃபையரும் (ஞான மதிப்பு தரும் கூட்டல் எண்) மட்டும்தான். அசுரனின் ஒரே அடியில் அது போய்விடும். விழுந்தவரை எழுப்புங்கள், நிற்பவரை அவர் பாட்டுக்குச் சண்டை போட விடுங்கள். ஐந்தாம் லெவலில் 'ஸ்பிரிட் கார்டியன்ஸ்' கிடைக்கும். உங்களைச் சுற்றி 15 அடிக்குள் வரும் எதிரிகளின் வேகம் பாதியாகும், ஒவ்வொரு சுற்றும் 3டி8 வாங்குவார்கள், தப்பிக்க உருட்டும் சேவிங் த்ரோவில் ஜெயித்தாலும் பாதி உண்டு. கான்சன்ட்ரேஷன் (மந்திரத்தின் மேல் வைத்த கவனம்) கலையாவிட்டால் பத்து நிமிடம் நிற்கும். கதவருகே நடந்து போய் நின்றாலே போதும். தயங்குகிறவர்களிடம் இந்த ஒரு மந்திரத்தைப் படித்துக் காட்டுங்கள்.

அண்ணா நகரிலிருந்து: ஆறாம் லெவல் பாலடினை எல்லாரும் ஏன் இப்படிக் கொண்டாடுறாங்க?

'ஆரா ஆஃப் புரொடெக்‌ஷன்'. 10 அடிக்குள், அதாவது கட்டத்தில் இரண்டு சதுரத்துக்குள், இருக்கும் தோழர்கள் எல்லோருடைய சேவிங் த்ரோவிலும் பாலடினின் கரிஸ்மா (ஆளுமை) மாடிஃபையர் சேரும். கரிஸ்மா 18 என்றால் +4. ஆனால் எல்லோரும் ஒட்டி நின்றால் டிராகனுக்கும் ஒரே மூச்சில் எல்லோரும் கிடைப்பார்கள். அதனால் பாலடின் ஆடுபவர் வரைபடத்தை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது.

மயிலாப்பூரிலிருந்து: முருகனைக் கும்பிடுற கிளெரிக்கா ஆடலாமாம்மா?

விதி தடுக்கவில்லை. 'வார்' டொமைன் (கிளெரிக் தேர்ந்தெடுக்கும் தெய்வத் துறை, இங்கே போர்) நன்றாகவே பொருந்தும். ஆனாலும் என் டேபிளில் நான் ஒத்துக்கொள்வதில்லை. வீட்டில் விளக்கேற்றிக் கும்பிடும் தெய்வத்தின் வாயில் டிஎம் (ஆட்டம் நடத்துபவர்) வசனம் வைக்க வேண்டி வரும். அந்தத் தெய்வம் கைவிட்டது என்று கதை போனால் யாரோ ஒருவர் மனம் நோகும். ஊர் எல்லையில் வேலோடு காவல் நிற்கும் ஒரு தெய்வத்தை நீங்களே உருவாக்குங்கள். பெயர், கோயில், கொடையில் என்ன படையல் என்பதுவரை எழுதிக் கொண்டு வாருங்கள், சந்தோஷமாகச் சேர்த்துக்கொள்வேன்.

வேளச்சேரியிலிருந்து: எங்க பாலடின், ரோக் ஒரு பூட்டைத் திறந்தாலே சண்டைக்கு வர்றான். ரூலே அப்படித்தான்னு சொல்றான்.

அது பழைய ரூல். 1975-இல் 'கிரேஹாக்' இணைப்பில் பாலடின் அறிமுகமானபோதே நெறி தவறினால் சக்தி போய்விடும். 1978 புத்தகத்தில் மனிதர் மட்டும், கரிஸ்மா 17, லாஃபுல் குட் (ஒழுங்கு மீறாத நல்லவர்) என்று கெடுபிடி இருந்தது. 2014-இல் எந்த அலைன்மென்ட்டும் (நெறிச் சார்பு) எடுக்கலாம், மூன்றாம் லெவலில் ஏற்கும் சபதம்தான் முக்கியம். அவர் என்ன சபதம் எடுத்தார் என்று கேளுங்கள். 'வெஞ்சன்ஸ்' (பழிதீர்ப்பு) என்றால் பெரிய தீமையை ஒழிப்பதுதான் அவருக்கு முதல் வேலை, பூட்டு இல்லை.

போரூரிலிருந்து: டுரூயிட் இந்தக் கணக்குல வருமா?

இயற்கையின் சக்தியால் மந்திரம் போடும் டுரூயிட்டிடமும் ஹீலிங் வேர்ட் இருக்கிறது, முழு மந்திரக்காரர், விஸ்டம்தான் ஆதாரம். குழுவில் கிளெரிக் இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம்.

குரோம்பேட்டையிலிருந்து: அக்கா, அடுத்த வாரம் எனக்கு முதல் ஆட்டம். எதை எடுக்கட்டும்?

பாலடின் எடும்மா. முதல் லெவலில் மந்திரமே கிடையாது, இரண்டாம் லெவலில்தான் வரும், அதற்குள் பகடை பழகிவிடும். கிளெரிக் முதல் நாளிலேயே நீண்ட பட்டியலிலிருந்து மந்திரம் தேர்ந்தெடுக்க வேண்டும். புத்தகம் வாங்க அவசரம் வேண்டாம். அடிப்படை விதித்தொகுப்பு 2023 ஜனவரியிலிருந்து கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசம். 'டிவோஷன்' சபதம் அதிலேயே இருக்கிறது. கரிஸ்மாவையும் ஸ்ட்ரெங்த்தையும் உயர்த்தி வை, லே ஆன் ஹேண்ட்ஸில் எவ்வளவு மிச்சம் என்பதைப் பென்சிலால் எழுதிக்கொள்.