எம்.பி.ஏ. படிக்கும்போதே தொண்டு நிறுவனத்தின் செயற்குழுவில் சேர்ந்தால் அனுபவம் கிடைக்குமா, நேரம்தான் வீணா?

கேட்டவர் எம்.பி.ஏ. முதலாண்டு என்று போட்டிருக்கிறார். ஊரில் ஒரு தொண்டு நிறுவனம் செயற்குழுவில் சேரக் கூப்பிடுகிறதாம். கூப்பிட்டவர் அநேகமாக அப்பாவுக்குத் தெரிந்த ரிட்டயர்டு வாத்தியாராக இருப்பார். "சும்மா பேரக் குடு, மாசம் ஒரு கூட்டத்துக்கு வந்தா போதும்" என்றிருப்பார். எனக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

அமெரிக்காவில் கெல்லாக், ஸ்டான்ஃபோர்ட் மாதிரி பிசினஸ் ஸ்கூல்களில் இதற்கென்றே ஏற்பாடு உண்டு. 'போர்டு ஃபெலோ' என்று மாணவர்களை உள்ளூர் தொண்டு நிறுவனங்களின் குழுவில் உட்கார வைப்பார்கள். பொதுவாக ஓட்டுரிமை கிடையாது. கூட்டத்தில் இருக்கலாம், பேசலாம், கையில் ஒரு புராஜெக்ட் கொடுப்பார்கள், படிப்போடு அதுவும் முடிந்துவிடும். எங்கள் கல்லூரியில் ஒரு சார் இதைப் பற்றி வகுப்பில் சொல்லித்தான் எனக்கு ஆசை வந்தது. எனக்குத் தெரிந்து நம் ஊரில் அப்படி ஏற்பாடெல்லாம் இல்லை. இங்கே சேர்ந்தால் நேரே உறுப்பினர்தான், நேரே கையெழுத்துதான்.

நான் சேர்ந்தது கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் என்ற ஊர்ப் பக்கம் ஒரு சிறப்புப் பள்ளி. அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கானது. சுனாமிக்குப் பிறகு வந்த நன்கொடையில் கட்டிய கட்டடம், சங்கமாகப் பதிவு செய்தது. பெயர் சொல்லமாட்டேன், தேடிக் கண்டுபிடிக்கவும் வேண்டாம். இன்னொன்று, இதைப் படித்துவிட்டு "என்.ஜி.ஓ. எல்லாம் திருட்டுக் கூட்டம்" என்று கமெண்ட் போட வராதீர்கள். அங்கே யாரும் ஒரு பைசா எடுக்கவில்லை. கணக்கு எழுதத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

என் முதல் கூட்டம் 2022 தொடக்கத்தில். மாலை நாலரைக்குக் கட்டன் சாயாவும் ஏத்தன்பழ பஜ்ஜியும். அஜெண்டாவில் ஐந்து விஷயம் இருந்தது. ஆண்டு விழா நோட்டீசில் யார் பெயர் மேலே வரவேண்டும் என்பதிலேயே ஒரு மணி நேரம் போய்விட்டது. நான் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு என் முறைக்குக் காத்திருந்தேன். பதினாலு ஸ்லைடு. கலர் கலராகப் படம்.

அந்தப் பள்ளியில் பெரிய பையன்களை வைத்து மெழுகுதிரி செய்யும் ஒரு பிரிவு உண்டு. மெழுகு, திரி, கவர், சொல்லிக்கொடுக்கும் டீச்சரின் சம்பளம் எல்லாம் கூட்டினால் ஒரு திரிக்கு 11 ரூபாய் 40 பைசா வந்தது. கோயில் திருவிழாக்களில் விற்றது 8 ரூபாய்க்கு. கடைசி ஸ்லைடில் சிவப்பு எழுத்தில், 'இந்தப் பிரிவை மூடலாம்' என்று போட்டிருந்தேன். காஸ்ட் அக்கவுண்டிங்கில் நான் நல்ல மார்க் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

யாரும் எதுவும் சொல்லவில்லை. பெற்றோர் சார்பில் குழுவில் இருந்த ஓர் அக்கா மட்டும் மேசைமேல் கையை வைத்துக்கொண்டு ஸ்கிரீனையே பார்த்தார். விரல் நுனிகளெல்லாம் கறுத்திருந்தன. அண்டியாபீசில், அதாவது முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆலையில் வேலை, அண்டித்தோட்டு எண்ணெய் பட்ட கறை, சோப்புக்குப் போகாது.

"மக்ளே, அது மெழுகுதிரி விக்கதுக்கா நடக்குது?" என்றார். "எம் பிள்ளைக்கு இருவத்தாறு வயசு. அவன் ஒம்பது மணிக்கு இங்க வந்தாத்தான் நான் வேலைக்குப் போவ முடியும். நீ மூடுனா அவன எங்க கொண்டு விடுவேன்?"

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 18 வயது வரை இலவசக் கல்வி என்கிறது. அந்தப் பிறந்தநாளுக்கு மறுநாள் அந்தப் பையன் எங்கே போவான் என்று நான் யோசித்ததே இல்லை. மெழுகுதிரிப் பிரிவு உண்மையில் இருபது அம்மாக்களின் வேலை நாள். அதற்கு என் எக்ஸலில் ஒரு கட்டம்கூட இல்லை. லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு இன்னொரு பஜ்ஜி எடுத்துக்கொண்டேன். வேறென்ன செய்ய?

அதற்கப்புறம்தான் உருப்படியாக ஒரு வேலை செய்தேன். 2021-ல் வருமான வரி விதிகள் மாறியதில், ஏற்கெனவே 12ஏ (நிறுவனத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை) பதிவு வைத்திருந்தவர்களும் படிவம் 10ஏ போட்டு மறுபதிவு செய்ய வேண்டும், பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்று வந்தது. கடைசித் தேதியைத் தள்ளிக்கொண்டே போனார்கள், எங்கள் பொருளாளரும் தள்ளிக்கொண்டே போனார். அவர் தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், எழுபதைத் தாண்டியவர். வவுச்சர்களை எல்லாம் கம்பியில் குத்தித் தொங்கவிட்டிருந்தார். உருவி எடுத்தால் ஒவ்வொன்றின் நடுவிலும் துருப் பிடித்த ஓட்டை, சரியாகத் தொகை எழுதின இடத்தில். ஓட்டைக்கு இந்தப் பக்கம் 4, அந்தப் பக்கம் 50. "இது நானூத்தி அம்பதா சார், நாலாயிரத்தி அம்பதா?" என்று கேட்டால், "வேன் டயரு மக்ளே, நாலாயிரத்தி அம்பது" என்று டக்கென்று சொல்வார். ஒன்றுகூடத் தப்பவில்லை. பாங்க் பாஸ்புக்கோடு ஒத்துப்போனது. நாலு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து முடித்தோம். ஆடிட்டரிடம் கொடுத்துப் படிவமும் போட்டாயிற்று.

இதெல்லாம் வேலைக்கு உதவியதா என்றுதானே கேட்கிறீர்கள். சென்னையில் ஒரு கம்பெனி இன்டர்வியூவில் இந்த வவுச்சர் கதையைச் சொல்லத் தயாராகப் போனேன். இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் "நீங்க மலையாளியா?" என்றார் எதிரில் இருந்தவர். இல்லை சார், கன்னியாகுமரி மாவட்டம் என்றேன். "பரவாயில்லையே, தமிழ் நல்லா பேசுறீங்க" என்றார். இந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் 1954 ஆகஸ்ட் 11-ல் துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்திருக்கிறார்கள். 1956 நவம்பர் 1-ல்தான் சேர்ந்தோம். இத்தனைக்கும் அப்புறம் எங்கள் தமிழுக்கு இவர் மார்க் போடுகிறார். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் இதை எங்கேயாவது சொல்லியாக வேண்டும். அந்த வேலை கிடைக்கவில்லை. பிறகு திருவனந்தபுரத்தில் கிடைத்த வேலையில், இன்டர்வியூ முழுக்க அந்த வவுச்சரைப் பற்றித்தான் கேட்டார்கள்.

உங்களுக்கு ஒன்றே ஒன்று. சங்கத்தில் குழு மாறினால் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் படிவம் 7 போட்டு உங்கள் பெயரை ஏற்றுவார்கள். அதில் கையெழுத்துப் போட்டால் நீங்களும் பொறுப்பாளிதான், 'நான் ஸ்டூடண்ட்' என்பதெல்லாம் செல்லாது. ஆகவே இரண்டு மூன்று கூட்டத்துக்குச் சும்மா பார்வையாளராகப் போய் உட்காருங்கள். மினிட்ஸ் நோட்டையும் கடைசி மூன்று வருட ஆடிட் ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். கேட்டதற்கு அவர்கள் முகம் சுளித்தால் வேறு இடம் பாருங்கள். மினிட்ஸ் நோட்டில் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி மேலே வெற்றிடம் விட்டிருந்தால், சாயா குடிக்காமலே கிளம்பிவிடுங்கள்.

நான் இன்னும் அந்தக் குழுவில் இருக்கிறேன். மெழுகுதிரி இப்போது 10 ரூபாய். என் பதினாலு ஸ்லைடில் அவர்கள் ஏற்றுக்கொண்டது விலையைக் கூட்டச் சொன்னதை மட்டும்தான்.