கடற்கரை ஊரில் காரின் கறளை எடுத்து வீட்டிலேயே பெயின்ட் அடிக்கலாமா?

காரின் கதவின் அடி கறள் (துரு) பிடித்துவிட்டது, கராஜுக்குக் கொடுக்காமல் நானே செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். செய்யலாம். மட்டக்களப்புக் கல்லடியில் வீட்டு முற்றத்தில் வைத்தே என் பழைய மாருதி 800-க்குச் செய்தேன். ஆனால் முதல் கதவு ஒரு மாரியைக்கூடத் தாங்கவில்லை.

அடித்தபோது பார்க்க நல்ல வடிவாகத்தான் இருந்தது. கார்த்திகை மழை தொடங்கிச் சில கிழமைகளில் பெயின்ட் பரு பருவாகக் கொப்பளித்தது. பக்கத்து ஆரையம்பதியில் டிங்கரிங் (காரின் தகடு திருத்தும் வேலை) செய்யும் ஓர் அண்ணனிடம் காட்டினேன். ஒரு கொப்பளத்தைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, "தம்பி, எந்தத் தண்ணியால கழுவின நீங்க?" என்றார். எங்கள் கிணறு உவர். அந்த உப்பு பெயின்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டால் ஈரத்தை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்குமாம். ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக இருக்கிற ஊரில், கழுவாமல் விட்டாலும் இதேதான். ஆகவே குழாய்த் தண்ணீரால் நன்றாகக் கழுவி, வெயிலில் முழுதாகக் காயவிட்டுத் தொடங்குங்கள்.

கறளைப் பளபளக்கும் இரும்பு தெரியும்வரை எடுக்க வேண்டும். குழிகளில் கறுப்புப் புள்ளி மிஞ்சினால் பொஸ்போரிக் அமிலம் கலந்த கறள் நீக்கி பூசலாம். ஸ்க்ரூ டிரைவரால் குத்தும்போது தகடு ஓட்டையானால் அங்கே பள்ளத்தை நிரப்பும் புட்டி வேலைக்காகாது, புதுத்தகடு வைத்து வெல்டிங் செய்யத்தான் வேண்டும்.

புட்டியை இறுக வைக்கக் கலக்கும் ஹார்ட்னர் ஏறக்குறைய 2 சதவீதம், அதாவது 100 கிராமுக்கு 2 கிராம். நம் வெக்கையில் சில நிமிடங்களில் இறுகிவிடும், கொஞ்சம் கொஞ்சமாகக் கலவுங்கள். புட்டி தண்ணீரை உறிஞ்சும் என்பதால் தண்ணீர் தொடாமல் 80, 180, 320 என்ற இலக்கங்களில் சாண்ட் பேப்பரை மாற்றி மாற்றித் தேய்க்க வேண்டும். பெயின்டுக்கு முன் அடிக்கும் பிரைமர் பூசிய கதவை இரவில் கடற்காற்றில் விடாதீர்கள். அதுவும் ஈரம் குடிக்கும்.

அப்புறம் காற்று. மாரியில் தொடவே வேண்டாம், ஈரத்தில் லாக்கர் பெயின்ட் வெளிறிப் பால்போல் ஆகிவிடும். ஆனி, ஆடியில் தென்மேற்குக் கச்சான் காற்று வீசும்போது தூசு ஒட்டும், பெயின்டும் கதவில் படுமுன்பே காய்ந்து சொரசொரப்பாகும். அந்த மாதங்களில் காற்று எழும்புவதற்கு முன் காலையிலேயே அடித்து முடித்துவிடுங்கள். ஸ்ப்ரே டின்னை 20 முதல் 25 சென்ரிமீற்றர் தள்ளிப் பிடித்து, மெல்லிய பூச்சாக, ஒவ்வொன்றுக்கும் நடுவே பத்து நிமிடம் விடுங்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். ஹார்ட்னர் கலந்து அடிக்கும் டூ-கே கிளியரை (மேலே அடிக்கும் நிறமில்லாப் பூச்சை) வீட்டில் அடிக்க வேண்டாம். அதிலுள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும், ஆஸ்துமாவைக் கொண்டுவரும். துணி மாஸ்க் அதைத் தடுக்காது. சின்ன இடத்துக்கு ஸ்ப்ரே டின்னில் வரும் சாதாரண லாக்கர் போதும், அதையும் திறந்த வெளியில் அடியுங்கள். இரண்டாவது கதவை நான் பிரைமர்வரை செய்து, கழற்றி ஓட்டோவில் ஏற்றி அந்த அண்ணனிடம் கொண்டுபோனேன். மூன்று மாரி கண்டுவிட்டது, இன்னும் ஒரு கொப்பளம் இல்லை.