டிராயர் முகப்புல வெனீர் குமிழும் வளைவும்

அண்ணாச்சி, டிராயர் முகப்பு வளைஞ்சு நடுவுல குமிழும் வந்துருக்குன்னு நீங்க போட்ட போட்டோவ பெருசாக்கி பாத்தேன். முன்பக்கம் மட்டும் தேக்கு வெனீர் (மெல்லிசா சீவின மரத்தாள்), பின்னாடி வெறும் பிளைவுட், அதான் டிராயர் முகப்பு வளைஞ்சு மூலை தூக்கி நிக்குது. வெனீர் ரெண்டு பக்கமும் ஒட்டணும், பின்னாடி மலிவானது போதும், ஆனா தடிமனும் மரத்தோட ரேகை ஓடுற திசையும் ஒண்ணா இருக்கணும். ஒரு பக்கம் மட்டும் பசை ஈரத்த குடிச்சுட்டு காயும்போது சுருங்கி பலகைய இழுத்துரும், உங்க தென்காசி சாரல்ல கேக்கவே வேண்டாம். இப்ப பின்னாடி ஒட்டினாலும் ஓரளவு நிமிரும்.

நடுவுல உள்ள குமிழுக்காக முழுசையும் பிச்சுராதீங்க! வெள்ளை பெவிகால்னு சொல்லுதீங்க, அது சூட்டுல இளகும், அதனால மொதல்ல மெல்லிசு துணி போட்டு மிதமான சூட்டுல அயர்ன் பாக்ஸ் வச்சுட்டு உடனே ஒரு மரக்கட்டையால ஆறுற வரைக்கும் அமுக்கிப் பிடிங்க. அப்பவும் தட்டினா பொக்குன்னு கேட்டா அடியில பசையே இல்ல. புது பிளேடால ரேகையோடயே கீறி, சிரிஞ்சுல பசைய உள்ள ஏத்தி, விரலால நீவி, வழியுறத துடைச்சு, பாலித்தீன் தாள் வச்சு அதுக்கு மேல பலகையும் கிளாம்பும் போட்டு ராத்திரி முழுக்க விட்டுருங்க, பாலித்தீன் இல்லன்னா பலகையும் சேந்து ஒட்டிக்கிடும்.

தேய்க்கும்போது மெஷின் வேண்டாம், கையாலயே 240 நம்பர் உப்புத்தாள், ரேகையோட. அரை மில்லிமீட்டர் வெனீர்ல, கொஞ்சம் கூட தேச்சுட்டாலும் அடியில உள்ள பிளைவுட் தெரிஞ்சுரும்.

சிங்க் கீழ உள்ள கதவுக்கு நாலு விளிம்புலயும் பியூ (பாலியூரித்தேன் பூச்சு) அடிக்காம மாட்டாதீங்க, தண்ணி ஏறுறதே அந்த வழியாத்தான்.