கிளிமஞ்சாரோவின் தண்ணீர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வரும் ஜனவரியில் நண்பர்களோடு கிளிமஞ்சாரோ ஏறப்போகிறேன். உச்சிப்பனி முழுவதும் உருகி, அதை நம்பியிருக்கும் ஆறுகளும் வற்றிப்போவதற்குள் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. மராங்கு வழியில் ஐந்து நாள், லெமோஷோ வழியில் எட்டு நாள் என்கிறார்கள். அடிவாரத்தில் வாழைத்தோட்டங்களைத் தவிர வேறொன்றும் இல்லையாம். வேனில் நேராக மலைவாயிலுக்குப் போய்விடுவதாகத் திட்டம். எந்த வழி நல்லது? உயரத்தில் வரும் மலைநோய்க்கு டயமாக்ஸ் மாத்திரை போட வேண்டுமா?

கே.

அன்புள்ள கே.,

பனி போனால் ஆறுகள் வற்றும் என்ற நம்பிக்கையைப் பற்றிச் சில நாட்களாகவே எழுத நினைத்திருந்தேன். உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. 1912இல் வரைபடத்தில் குறிக்கப்பட்ட பனிப்பரப்பில் எண்பது விழுக்காட்டுக்கும் மேல் இன்று இல்லை என்பது உண்மை. அதற்காக வருந்துங்கள், நானும் வருந்துகிறேன். ஆனால் அந்த மலையின் ஆறுகளுக்குப் பனி கொடுத்தது எப்போதுமே சொற்பம்தான். மலையின் மிக உயர்ந்த இடமான, 5,895 மீட்டர் உயரத்து கிபோ உச்சி ஏறக்குறைய ஒரு பாலைவனம்; அங்குள்ள பனியில் பெரும்பகுதி ஓடையாக இறங்காமல் வெயிலிலும் வறண்ட காற்றிலும் அப்படியே ஆவியாகிவிடுகிறது. மழை கொட்டுவது நடுவே இருக்கும் காட்டில். தென்சரிவில் ஏறத்தாழ 2,000 மீட்டரைத் தாண்டிய பகுதிதான் அதிக மழை பெறுகிறது. அங்கிருந்து மேலே போகப்போக மழை குறைந்துகொண்டே வரும்.

காட்டின் மேல்விளிம்பில் எரிகா மரங்கள் நிற்கின்றன. கிளையெங்கும் நரைத்த தாடிபோல் பாசி தொங்கும். மழையே பெய்யாத ஒரு காலையில் அம்மரங்களின் அடியில் நடந்தபோது என் சட்டை நனைந்துவிட்டது. எங்களுக்கு வழிகாட்டிய, மலைச்சரிவில் வாழும் சாகா இனத்து இளைஞர் ஒரு கொத்துப் பாசியைப் பறிக்காமலே கைக்குள் பிடித்துப் பிழிந்து காட்டினார். விரலிடுக்குகளில் தண்ணீர் வழிந்தது. மூடுபனியைப் பிடித்து மண்ணுக்குள் இறக்கும் வேலையை இம்மரங்கள் செய்கின்றன. வறட்சி கூடக்கூட அந்த விளிம்பில் தீ அடிக்கடி பற்றுகிறது. 2020 அக்டோபரில் மூண்ட தீ பல நாட்கள் எரிந்தது. காட்டின் எல்லை கீழே இறங்குகிறது, பிடிக்கப்படும் தண்ணீர் குறைகிறது. ஆறுகளைப் பற்றி உண்மையாகவே கவலைப்படுகிறவர் அஞ்ச வேண்டியது இதற்குத்தான். 1848இல் ரெப்மான் என்ற ஜெர்மானியப் பாதிரியார், நிலநடுக்கோட்டுக்கு அருகே பனியைக் கண்டதாக எழுதியபோது லண்டன் புவியியலாளர் சிலர் அதை நம்ப மறுத்தார்கள். நம்பத் தொடங்கிய பிறகோ, உலகம் அந்த மலையில் பனியைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை.

நீங்களும் அப்படித்தான், அடிவாரத்தை வேனில் தூங்கிக்கொண்டே கடக்கப் பார்க்கிறீர்கள். உங்களிடம் தோட்டங்களைப் பற்றிச் சொன்னவர் அங்கே வண்டியை விட்டு இறங்கவே இல்லை என்று நினைக்கிறேன். சாகா மக்களின் வீட்டுத்தோட்டத்தில் உயர்ந்த நிழல்மரங்கள், அவற்றின் கீழே வாழை, வாழைக்கடியில் காப்பி, தரையில் சேம்பும் அவரையும் என்று ஒரே நிலத்தில் அடுக்கடுக்காகப் பயிர் நிற்கும். கொட்டிலில் கட்டிய மாட்டின் சாணம் அதற்கே உரமாகும். காட்டு ஓடைகளிலிருந்து பல தலைமுறைகளுக்கு முன்பே வெட்டப்பட்ட வாய்க்கால்கள் சரிவுகளைச் சுற்றி வந்து வீடு வீடாகத் தண்ணீர் கொடுக்கின்றன. மராங்கு அருகே ஒரு முதியவர் தன் நீர்முறை முடிந்ததும் ஒரு கட்டி மண்ணையும் வாழைச்சருகையும் வைத்து மடையை அடைத்துவிட்டு, கீழ்வீட்டுக்காரருக்குக் குரல் கொடுத்ததைப் பார்த்தேன். பிறகு எங்களுக்குச் சுரைக்குடுவையில் ம்பேகே ஊற்றிக் கொடுத்தார். வாழைப்பழத்தைப் புளிக்கவைத்து, முளைகட்டிய கேழ்வரகு சேர்த்துச் செய்யும் மது அது. (கேழ்வரகு கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலங்களிலிருந்து நம்மிடம் வந்தது, வாழை ஆசியாவிலிருந்து அங்கே போனது.) அந்தக் காப்பியை விற்க இவர்கள் 1925இலேயே சொந்தமாகச் சங்கம் அமைத்தவர்கள். இத்தனையும் உங்களுக்கு ஒன்றுமில்லையா?

வழியைக் கேட்டிருந்தீர்கள். ஐந்து நாளில் ஏறி இறங்குவது உடம்பின் மீது நடத்தும் சூதாட்டம். உச்சியில் கிடைக்கும் பிராணவாயு கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். லெமோஷோவே போங்கள். புறப்படும் முன் இரண்டு நாள் மராங்கு கிராமங்களில் தங்கி, உள்ளூர்க்காரர் ஒருவரை வைத்துக்கொண்டு வாய்க்கால் ஒன்றை அது தொடங்கும் இடம்வரை நடந்து பாருங்கள். டயமாக்ஸை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள், என்னிடம் அல்ல.