போன் இருக்கிற இடம் மேப்ல தெரியுது, நேரா போய் வாங்கலாமா?

வெள்ளவத்தையில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க: நேத்து 100 பஸ்ல பம்பலப்பிட்டி கிட்ட வரும்போது பேக்க திறந்து போன எடுத்துட்டாங்க, லொகேஷன் பார்த்தா புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு காட்டுது, அண்ணாவும் கூட்டாளிமாரும் போய் வாங்கிட்டு வாறோம்னு நிக்கிறாங்க, விடலாமா, பொலிஸுக்குப் போனா ஏதும் நடக்குமா?

விடாதீங்க. அண்ணாட கோவம் நியாயம்தான், ஆனா மேப்ல தெரியிற புள்ளி எந்த மாடி எந்த கடைன்னு சொல்லாது, பக்கத்துக் கட்டடத்தக் கூட காட்டும், அந்தத் தெருவுல எத்தன போன் கடை நெருக்கமா இருக்குன்னு உங்களுக்கே தெரியும். சம்பந்தமில்லாத ஒருத்தர்ட கழுத்தப் பிடிச்சா கேஸ் அண்ணா மேலதான் விழும். கண்ணு முன்னால களவெடுக்கிறவன மடக்கிப் பிடிக்க நமக்கு சட்டத்துல இடமிருக்கு, பிடிச்சு தாமதிக்காம பொலிஸ்ல குடுத்துரணும், அடுத்த நாள் தேடிப்போய் அடிக்கிறது அதுல சேராது.

இன்னும் செய்யலன்னா முதல்ல சிம்ம ப்ளொக் பண்ணுங்க, இத வாசிச்சு முடிக்கிற வரைக்கும் கூட நிக்க வேணாம். பேங்க் ஓடிபி அந்த நம்பருக்குத்தான் வரும், சிம்ம கழட்டி வேற போன்ல போட்டா உங்கட ஸ்கிரீன் லொக் ஒன்னும் காப்பாத்தாது. பேங்குக்கும் சொல்லுங்க. 'உங்க போன் கிடைச்சிருக்கு, இந்த லிங்க்ல பாஸ்வேர்ட் போடுங்க'ன்னு மெசேஜ் வந்தா தொடவே தொடாதீங்க, லொக்க திறக்க அவங்க போடுற தூண்டில் அது. உங்கட கூகுள் இல்லன்னா அப்பிள் அக்கவுண்ட்ல இருந்து போன ரிமூவும் பண்ணாதீங்க, லொக்கோட இருந்தாத்தான் அத விக்கிறது கஷ்டம்.

பொலிஸ் என்ட்ரி கட்டாயம் போடுங்க, களவு நடந்த இடத்து ஸ்டேஷன்ல, உங்களுக்கு பம்பலப்பிட்டி. அடையாள அட்டை, பில், போன் பெட்டி கொண்டு போங்க, பெட்டியில இருக்கிற 15 இலக்க ஐஎம்இஐ நம்பர், அதாவது அந்த போனோட அடையாள நம்பர்தான் முக்கியம், அந்த போன்ல வேற சிம் போட்டாலும் அத வச்சுத் தேடலாம். லொகேஷன் ஸ்கிரீன்ஷொட்டையும் நேரம் தெரியிற மாதிரி காட்டுங்க.

இத கொஞ்சம் அழுத்திச் சொல்றேன், நம்ம ஆக்கள் நிறைய பேர் சிங்களத்துல எழுதினத விளங்காமலே சைன் பண்ணிட்டு வாறாங்க. தமிழும் இந்த நாட்டுல அரச கரும மொழி, அரசியலமைப்புட 4ஆம் அத்தியாயத்துலயே இருக்கு, கொழும்புலயும் தமிழ்ல முறைப்பாடு குடுக்க உங்களுக்கு உரிமை இருக்கு. மரியாதையா கேளுங்க, தமிழ் தெரிஞ்ச ஒபிசர் இல்லன்னா நீங்களே தமிழ்ல எழுதிக் குடுங்க, வாசிச்சுக் காட்டாம சைன் வைக்காதீங்க. பஸ் நம்பர், நேரம், போன் மொடல் இதுல ஒன்னு பிழையா போனாலும் பிறகு உங்களுக்குத்தான் அலைச்சல். என்ட்ரி நம்பர எழுதிட்டு வாங்க.

ஒரு கடையில அந்த போன் அகப்பட்டா 'காசு குடுத்துத்தான் வாங்கினேன்'னு சொல்லுவாங்க, அதனால போன் அவங்களுக்கு சொந்தமாகாது, களவுன்னு தெரிஞ்சே வாங்கியிருந்தா அதுவும் குற்றம். அந்தக் கதைய பொலிஸே பேசட்டும், நீங்க காசு குடுத்து மீட்க வேணாம். கேஸ் போட்டா போன் சான்றுப்பொருளா புதுக்கடை கோர்ட்டுக்குப் போகலாம், அப்போ பில்லோட போய் உங்ககிட்ட விடச் சொல்லி நீதவான்கிட்ட கேக்கலாம், அதனால பில்லையும் பெட்டியையும் வீசிராதீங்க.